யூரிடிசி என்ற பெயரில் எத்தனை பேர்

கிரேக்கத் தொன்மங்களைப் பற்றிய பெரிய நூல் எதை எடுத்தாலும் அதன் பின்பகுதியில் பெயரடைவு ஒன்று இருக்கும். அதில் யூரிடிசி என்ற பெயருக்கு நேரே எண்கள் வரிசையாக நிற்கும். ஆர்ஃபியஸின் மனைவி, கிரியோனின் மனைவி, நெஸ்டரின் மனைவி, நெமியா அரசன் லைகர்கஸின் மனைவி, அக்ரிசியஸின் மனைவி, இலோஸின் மனைவி என்று அந்த வரிசை போகும். வரலாற்று நூலின் பெயரடைவைப் பார்த்தால் அமிந்தாஸின் மனைவி, முதலாம் தாலமியின் மனைவி, பிலிப் அர்ரிடேயஸின் மனைவி என்று இன்னொரு வரிசை தொடங்கும். எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருமுறை இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நண்பர் ஒருவர், “பெண்தானே என்று கைக்கு வந்த பெயரை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் வித்தியாசம் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை” என்றார். மற்றவர்கள் தலையசைத்தார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்கு மட்டும் அந்தக் கருத்து மனத்தில் தங்கிவிட்டது. அதில் உண்மை உண்டு என்பது தெரிந்தது. அது முழு உண்மை இல்லை என்றும் பட்டது. எந்த இடத்தில் உண்மை முடிகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

ஆண்களும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மக்கெதோனிய அரச வம்சத்தில் அமிந்தாஸ், பெர்டிக்காஸ், பிலிப், அலெக்சாண்டர் என்ற நாலைந்து பெயர்களே தலைமுறை தலைமுறையாகச் சுற்றிச் சுற்றி வந்தன. அலெக்சாண்டருக்குப் பின் எகிப்தை ஆண்ட மக்கெதோனிய வம்சத்து அரசர்கள் அத்தனை பேரும் தாலமிகள். ஆனால் அவர்களைப் பிரித்தறிவதற்குத் தந்தையின் பெயர் இருந்தது, பட்டப்பெயர் இருந்தது, நடத்திய போர்கள் இருந்தன. எந்தத் தாலமி என்று குழம்பும் வாசகருக்கு அந்தப் பக்கத்திலேயே விடை கிடைத்துவிடும். யூரிடிசிகளின் நிலைமை அப்படி இல்லை. அவர்களைப் பிரித்தறிய நூல்கள் தரும் ஒரே அடையாளம் கணவனின் பெயர். கணவன் யார் என்பதில் சந்தேகம் வந்துவிட்டால் அந்தப் பெண் யார் என்பதே சந்தேகமாகிவிடுகிறது.

கைக்கு வந்த பெயர்

நண்பரின் கருத்துக்குச் சாதகமான சான்றுகளை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை வலுவானவை. ஒடிசி காவியத்தின் மூன்றாம் காண்டத்தில் பைலோஸ் அரசன் நெஸ்டர் பசுவைப் பலியிடும் காட்சி வருகிறது. கோடரி விழும் கணத்தில் மகள்களும் மருமகள்களும் நெஸ்டரின் மனைவியும் சேர்ந்து குரலெழுப்புகிறார்கள். அந்த மனைவியின் பெயர் யூரிடிசி, கிளிமெனஸின் மூத்த மகள் என்று ஹோமர் சொல்கிறார். அப்பல்லோடோரஸின் பெயரில் வழங்கும் தொன்மத் தொகுப்பிலோ நெஸ்டரின் மனைவி அனாக்சிபியா. சோபோக்ளிசின் ‘ஆன்டிகனி’ நாடகத்தில் தீப்ஸ் அரசன் கிரியோனின் மனைவி யூரிடிசி. அதற்கு முன்பே எழுந்த, ஹெசியோடின் பெயரில் வழங்கும் ‘ஹெராக்ளிசின் கேடயம்’ என்ற கவிதையில் அவள் ஹெனியோக்கி. அரசி ஒருத்திக்குப் பெயர் வேண்டும் என்ற நிலை வரும்போது கவிஞர்களின் கை இயல்பாகவே யூரிடிசி என்ற பெயரை நோக்கிப் போயிருக்கிறது. அரசியின் இருக்கையில் யார் அமர்ந்தாலும் அவளுக்குப் பொருந்தும் பெயர் அது.

ஆயினும் அந்த இருக்கையில் அமர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. சோபோக்ளிசின் யூரிடிசி மேடைக்கு வந்து ஒன்பது வரிகளே பேசுகிறாள். வாசலைத் தாண்டும்போது தன் வீட்டுத் துயரச் செய்தி காதில் விழுந்ததாகவும், மயங்கிச் சாய்ந்ததாகவும், துயரத்துக்குப் பழகியவள் என்பதால் என்ன நடந்தது என்பதை மறுபடியும் சொல்லும்படியும் தூதனிடம் கேட்கிறாள். மகன் ஹீமோன் இறந்த விதத்தை அவன் விரிவாகச் சொல்லி முடித்ததும் ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போகிறாள். அந்த அமைதி நல்லதற்கில்லை என்று குழுப்பாடகர்களின் தலைவன் அஞ்சுகிறான். பலிபீடத்தருகே தன்னைத் தானே குத்திக்கொண்டு, கணவனைப் பிள்ளைகொல்லி என்று சபித்தபடி அவள் இறந்த செய்தி பிறகு வருகிறது.

யூரிப்பிடிசின் ‘ஹிப்சிபிலி’ நாடகத்தில் வரும் நெமியா அரசி யூரிடிசியின் கதை வேறு. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டிலிருந்து கிடைத்த பாப்பிரஸ் துணுக்குகள் 1908இல் வெளியானதால்தான் இந்த நாடகத்தின் பெரும்பகுதி நமக்குக் கிடைத்தது. அவளுடைய கைக்குழந்தை பாம்பு கடித்து இறந்துவிடுகிறது. குழந்தையைக் கவனித்துக்கொண்டிருந்த அடிமைப்பெண் ஹிப்சிபிலி, படைவீரர்களுக்கு நீரூற்றைக் காட்டப் போன நேரத்தில் அது நடந்தது. யூரிடிசி அவளைக் கொல்லத் துணிகிறாள். அப்போது நிமித்திகன் அம்ஃபியராவோஸ் குறுக்கிட்டு, மனிதர்கள் பிள்ளைகளைப் பெறுவதும் புதைப்பதும் பயிர் விளைவதும் அறுவடையாவதும் போன்றது என்று எடுத்துச் சொல்கிறான். அவள் கேட்கிறாள், யோசிக்கிறாள், தன் முடிவை மாற்றிக்கொள்கிறாள். கிரேக்க நாடகங்களில் மகனை இழந்த தாய் ஒருத்தி, எதிர்வாதத்தைக் காதுகொடுத்துக் கேட்டு மனம் மாறும் இடங்கள் எத்தனை இருக்கின்றன? பெயரடைவில் இவள் வெறும் ‘லைகர்கஸின் மனைவி’. நாடகத்தில் அந்த லைகர்கஸுக்கு இந்த இடத்தில் வேலையே இல்லை.

திரும்பிப் பார்த்தவனும் பாராதவனும்

யூரிடிசி என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருபவள், இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் போய், வெளியே வரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறி அவளை இழந்த பாடகன் ஆர்ஃபியஸின் மனைவிதான். ஆனால் அவளுக்கு அந்தப் பெயர் மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது என்பது எனக்குத் தீராத வியப்பு. கி.மு. 438இல் அரங்கேறிய ‘அல்செஸ்டிஸ்’ நாடகத்தில் யூரிப்பிடிஸ் ஆர்ஃபியஸின் பாதாளப் பயணத்தைக் குறிப்பிடுகிறார். மனைவியின் பெயர் இல்லை. பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ உரையாடலில் தெய்வங்கள் ஆர்ஃபியஸுக்கு மனைவியின் நிழலுருவை மட்டும் காட்டி வெறுங்கையோடு அனுப்பிவிடுகின்றன. அங்கும் பெயர் இல்லை. அலெக்சாண்டருக்குப் பிந்திய கவிஞர் ஹெர்மெசியனாக்ஸ் ஒரு பெயர் சொல்கிறார். அது அக்ரியோப்பி. ‘பியோனுக்கான இரங்கற்பா’ என்ற, எழுதியவர் யாரென்று அறியப்படாத கிரேக்கக் கவிதையில்தான் இவள் யூரிடிசி ஆகிறாள். ரோமானியக் கவிஞர்கள் வர்ஜிலும் ஓவிடும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்ட பிறகு மாற்றுப் பெயர்கள் எல்லாம் மறைந்துபோயின.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஏதென்ஸில் செதுக்கப்பட்ட புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. மூலம் அழிந்துவிட்டது, ரோமானியர் காலத்துப் பளிங்குப் பிரதிகள் எஞ்சியிருக்கின்றன. நடுவில் பெண், ஒருபுறம் ஆர்ஃபியஸ், மறுபுறம் ஆவிகளை வழிநடத்தும் ஹெர்மிஸ். அவளுடைய இடக்கை கணவனின் தோளில் இருக்கிறது. வலக்கையை ஹெர்மிஸ் ஏற்கெனவே பிடித்துவிட்டான், இழுக்கவில்லை, பிடித்திருக்கிறான், அவ்வளவே. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துப் பிரதியில் மூவர் பெயரும் கிரேக்கத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. பாரிஸின் லூவரில் இருக்கும் பிரதியிலோ அதே மூவருக்கு ஸீட்டஸ், ஆன்டியோப்பி, ஆம்ஃபியன் என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். அப்படியானால் அது இரு மகன்களுக்கு நடுவே நிற்கும் தாயின் படம் ஆகிவிடுகிறது. கல்லில் ஒரு மடிப்புக்கூட மாறவில்லை. மேலே பொறித்த பெயர் மாறியதும் மனைவி தாயாகிவிட்டாள்.

இதைவிடப் பெரிய செய்தி ஈனியஸைப் பற்றியது. டிராய் எரியும் இரவில் ஈனியஸ் தன் தந்தையைத் தோளில் சுமந்து, மகனைக் கையில் பிடித்து, மனைவியைச் சற்றுத் தள்ளிப் பின்னால் வரச் சொல்லி வெளியேறிய கதை வர்ஜிலின் ‘ஈனியட்’ காவியத்தில் வருகிறது. அங்கே மனைவியின் பெயர் கிரியூசா. (கிரியூசாவும் பலர் பகிர்ந்துகொண்ட பெயர்தான். ஜேசனின் புது மணப்பெண், ஐயோனின் தாய் என்று அதற்கும் ஒரு வரிசை உண்டு.) ஆனால் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுவதும் சுற்றி எழுதிய பாசேனியஸ், டெல்ஃபியின் பழைய ஓவியம் ஒன்றை விவரிக்கும் இடத்தில் போகிறபோக்கில் ஒரு தகவல் தருகிறார். டிராய்ப் போரைப் பாடிய மிகப் பழைய காவியங்களில் ஈனியஸின் மனைவி யூரிடிசி. ரோமின் முதல் பெருங்கவிஞர் என்னியஸும் அந்தப் பெயரையே கையாண்டார். அவருடைய ‘அன்னல்ஸ்’ காவியத்தில் ஈனியஸின் மகள் இலியா தான் கண்ட கனவைச் சொல்லும்போது தன் அக்காளை, எங்கள் தந்தை நேசித்த யூரிடிசியின் மகளே என்று விளிக்கிறாள். சிசரோ மேற்கோள் காட்டியதால் அந்த வரி பிழைத்தது.

இந்தத் தகவலைப் படித்த பிறகுதான் வர்ஜிலை மறுபடியும் எடுத்துப் படித்தேன். ஆர்ஃபியஸ் கதையை அவர் ‘ஜார்ஜிக்ஸ்’ நூலின் கடைசிக் காண்டத்தில், கி.மு. 29ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதினார். வெளிச்சம் தெரியும் எல்லைக்கு வந்ததும் ஆர்ஃபியஸ் திரும்பிப் பார்க்கிறான். யூரிடிசி காற்றில் கலையும் புகையாகிறாள். அடுத்து எழுதத் தொடங்கி, கி.மு. 19இல் தாம் இறக்கும்வரை முடிக்காமல் வைத்திருந்த ‘ஈனியட்’ காவியத்தின் இரண்டாம் காண்டத்தில் ஈனியஸ் தானே தன் கதையைச் சொல்கிறான். ஊருக்கு வெளியே செரிஸ் தெய்வத்தின் கோயில் மேட்டை அடையும்வரை தான் மனைவியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, அவளை நினைக்கவும் இல்லை என்கிறான். எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு எண்ணினால் ஒருத்தி மட்டும் குறைகிறாள். எரியும் நகருக்குள் ஓடித் தேடுகிறான். எதிரே வருவது அவளுடைய நிழலுரு. மும்முறை தழுவப் பார்க்கிறான், மும்முறையும் அது கைகளுக்கு நடுவே நழுவுகிறது. ஒருவன் திரும்பிப் பார்த்ததால் மனைவியை இழந்தான். இன்னொருவன் திரும்பிப் பாராததால் இழந்தான். வர்ஜிலுக்கு முந்திய மரபில் இரு மனைவியருக்கும் பெயர் யூரிடிசி.

வர்ஜில் என்னியஸை வரிக்கு வரி அறிந்தவர். ஈனியஸின் மனைவிக்கு யூரிடிசி என்ற பெயர் இருந்தது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே கிரியூசா என்ற பெயரைத் தேர்ந்தார் என்றே நினைக்கிறேன். தம் கவிதையில் ஏற்கெனவே ஒரு யூரிடிசி புகையாகக் கரைந்துவிட்ட பிறகு இரண்டாவதாக ஒருத்தியை அதே பெயரில் கரையவிட அவருக்கு மனம் வரவில்லை. இது என் ஊகம்தான். ஆனால் இது சரியாக இருந்தால், நண்பர் சொன்ன அலட்சியத்துக்கு நேர் எதிரான ஒரு செயல் இது. ஒரு கவிஞர் இரண்டு பெண்களையும் தனித்தனியாக நினைவில் வைத்திருந்ததால்தான் ஒருத்தியின் பெயரை மாற்றினார். இருவருக்கும் அவர் பேச்சும் கொடுத்தார். யூரிடிசி ஐந்து வரிகளில், எந்தப் பித்து நம் இருவரையும் அழித்தது என்று ஆர்ஃபியஸைக் கேட்டுவிட்டுப் போகிறாள். கிரியூசா அதைவிட நீளமாகப் பேசுகிறாள். தான் எந்தக் கிரேக்க வீட்டுக்கும் அடிமையாகப் போகமாட்டேன் என்பதைச் சொல்லிவிட்டு, மகனின் மேல் வைத்த அன்பை விடாதே என்று முடிக்கிறாள். ஓவிடின் யூரிடிசி பிறகு இந்த ஐந்து வரிகளையும் இழந்து, காதில் சரியாக விழாத ஒற்றைப் பிரியாவிடைச் சொல்லோடு போகிறாள். தன்னை நேசித்தான் என்பதைத் தவிர அவள் எதைக் குறையாகச் சொல்ல முடியும் என்று ஓவிட் கேட்கிறார். அழகான வரி என்று பலரும் கொண்டாடுவார்கள். எனக்கு வர்ஜிலின் யூரிடிசி கேட்ட கேள்விதான் பிடிக்கும்.

சிர்ராஸின் மகள்

தொன்மத்தை விட்டு வரலாற்றுக்கு வந்தால் முதலில் நிற்பவர் மக்கெதோனிய அரசர் மூன்றாம் அமிந்தாஸின் மனைவி, இரண்டாம் பிலிப்பின் தாய், மகா அலெக்சாண்டரின் பாட்டி. இந்த யூரிடிசியைப் பற்றி இரண்டு கதைகள் இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இருவேறு பெண்களைப் பற்றியவை என்றே தோன்றும்.

ஒன்று ஜஸ்டின் என்ற பிற்கால ரோமானியச் சுருக்க நூலாசிரியர் சொல்வது. அதன்படி யூரிடிசி தன் மருமகனோடு கள்ளத்தொடர்பு கொண்டு, கணவனைக் கொன்று அவனை அரசனாக்கத் திட்டமிட்டார். மகளே அதை வெளிப்படுத்தினாள். அமிந்தாஸ் பிள்ளைகளின் முகத்துக்காக மன்னித்தார். அவர் இறந்த பின் யூரிடிசி மூத்த மகன் அலெக்சாண்டரைக் கொல்வித்தார், இரண்டாம் மகன் பெர்டிக்காஸையும் கொல்வித்தார். இன்னொன்று ஏதென்ஸின் அரசியல்வாதி எஸ்கினிஸ் கி.மு. 343இல் நீதிமன்றத்தில் சொன்னது. கணவரும் மூத்த மகனும் இறந்து, பவுசானியஸ் என்ற உரிமைகோருபவன் படையோடு உள்ளே நுழைந்திருந்த நேரம். யூரிடிசி ஏதென்ஸின் தளபதி இஃபிக்ரட்டீஸை வரவழைத்தார். பெர்டிக்காஸை அவர் கைகளில் ஒப்படைத்து, சிறுவன் பிலிப்பை அவர் மடியில் உட்காரவைத்தார். என் கணவர் உங்களை மகனாக ஏற்றவர், எனவே நீங்கள் இந்தப் பிள்ளைகளுக்கு அண்ணன் என்று மன்றாடினார். இஃபிக்ரட்டீஸ் பவுசானியஸைத் துரத்தியடித்தார்.

எஸ்கினிஸும் சொந்தக் காரியத்துக்காகப் பேசியவர்தான். பிலிப்பிடம் தூது போனபோது தாம் நினைவூட்டிய கதையாக இதை நீதிமன்றத்தில் சொல்கிறார். பிலிப்புக்கு அப்போது மடியில் உட்காரும் வயதும் இல்லை. ஆனால் ஜஸ்டினின் கதை ஓர் இடத்தில் அடியோடு உடைகிறது. பெர்டிக்காஸ் கி.மு. 359ஐ ஒட்டி அண்டை மக்களான இல்லிரியர்களோடு நடந்த போரில், 4,000க்கும் மேற்பட்ட மக்கெதோனியர்களோடு சேர்ந்து களத்தில் மடிந்தார் என்று வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியிருக்கிறார். போர்க்களத்தில் மடிந்த மகனைத் தாய் கொன்றாள் என்று எழுதிய நூலை, கணவனைக் கொல்லப் பார்த்தாள் என்ற செய்திக்கு மட்டும் எப்படி நம்புவது? மூத்த மகனைக் கொன்ற தாலமியை (எகிப்தின் தாலமிகளுள் ஒருவன் அல்லன்) யூரிடிசி பிறகு மணந்தார் என்று பழைய உரைக்குறிப்பு ஒன்று சொல்கிறது. அது நடந்திருக்கலாம். இரண்டு சிறுவர்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்றால் ஆட்சியைக் கைப்பற்றியவனை மணப்பதைத் தவிர அந்த அரண்மனையில் ஒரு விதவைக்கு வேறென்ன வழி இருந்தது?

இந்தக் கதைகள் என்னை இழுத்தடித்துக்கொண்டிருந்தபோது, வெர்ஜினாவில் கிடைத்த ஒரு கல்வெட்டின் படத்தைப் பார்த்தேன். மக்கெதோனியாவின் பழைய தலைநகர் ஏகை இன்றைய வெர்ஜினா என்ற சிற்றூர். அங்கே நற்பெயரின் தெய்வமான யூக்ளியாவுக்கு ஒரு கோயில் இருந்தது. அகழாய்வில் அந்த வளாகத்திலிருந்து சிலைப்பீடங்கள் கிடைத்தன. அவற்றில் பொறித்திருப்பது மூன்றே சொற்கள்: யூரிடிசி, சிர்ராஸின் மகள், யூக்ளியாவுக்கு. அமிந்தாஸின் பெயர் இல்லை, பிலிப்பின் பெயரும் இல்லை. நூல்கள் எல்லாம் கணவனையும் மகனையும் வைத்து அடையாளம் காட்டிய ஒருவர், கல்லில் தம்மைத் தாமே குறிப்பிட்டபோது தந்தையின் பெயரோடு நின்றார். அது கிரேக்கர்களின் பொதுவான வழக்கம் என்பது எனக்குத் தெரியும். காணிக்கைக் கல்வெட்டுகளில் பெண்கள் தந்தை பெயரைச் சொல்வது உண்டு. ஆனாலும் அந்த மூன்று சொற்களையும் பார்த்தபோது, இத்தனை யூரிடிசிகளில் இவர் எவர் என்ற குழப்பத்துக்கு இவரே ஒரு விடை எழுதி வைத்திருக்கிறார் என்று பட்டது. பெயர் பொதுவானது, சிர்ராஸின் மகள் ஒருவர்தான்.

அவர் விட்டுச்சென்ற வேறு சில வரிகளும் உண்டு. புளூட்டார்க்கின் பெயரில் வழங்கும், பிள்ளைகளின் கல்வி பற்றிய நூல் ஒன்று, பெற்றோர் யூரிடிசியைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. இல்லிரியப் பெண்ணாக இருந்தும், மும்மடங்கு அந்நியராக இருந்தும், பிள்ளைகளுக்காகத் தம் வயது கடந்த பிறகு கல்வி கற்றவர் என்று புகழ்ந்து, கலைத் தெய்வங்களான மியூஸ்களுக்கு அவர் வைத்த காணிக்கைக் கவிதையை எடுத்துத் தருகிறது. வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, பேச்சைப் பதிந்து வைக்கும் எழுத்துகளை உழைத்துக் கற்றேன் என்பது அதன் சாரம். பிள்ளைகளைக் கொன்றவர் என்று ஒரு நூல். பிள்ளைகளுக்காகப் படித்தவர் என்று இன்னொரு நூல். பின்னதில் அவருடைய குரலே இருக்கிறது. ஒலிம்பியாவில் பிலிப் கட்டிய வட்ட மண்டபத்தில், பொன்னும் தந்தமும் கொண்டு சிற்பி லியோக்கரீஸ் செய்த சிலைகளுள் ஒரு யூரிடிசியும் இருந்தார் என்று பாசேனியஸ் சொல்கிறார். எந்த யூரிடிசி என்று ஆய்வாளர்கள் வெகுகாலம் வாதிட்டார்கள். பிலிப்பின் தாயா, அலெக்சாண்டரின் படையெடுப்பை எழுதிய அர்ரியன் ஓரிடத்தில் யூரிடிசி என்று குறிக்கும் பிலிப்பின் கடைசி மனைவியா, பிற்கால அர்ரிடேயஸின் மனைவியா என்று மூன்று பேர் அந்த ஒரு பீடத்துக்குப் போட்டியிட்டார்கள். தாய்தான் என்பதே இன்று பலரும் ஏற்கும் முடிவு. மகனைக் கொன்ற தாய் என்று ஊர் நம்பியிருந்தால், எஞ்சிய மகன் அவரைப் பொன்னில் வடித்துத் தெய்வங்களின் ஊரில் நிறுத்தியிருப்பாரா?

வெர்ஜினாவில் 1987இல் கண்டெடுக்கப்பட்ட கல்லறை ஒன்றும் இவருடையது என்று அடையாளம் காணப்படுகிறது. கொள்ளையர் முன்பே நுழைந்து வெறுமையாக்கிய அந்த அறையில் ஒரு பளிங்கு அரியணை இருந்தது. அதன் சாய்மானத்தில் பாதாள அரசன் ஹேடிசும் அவன் மனைவி பெர்சஃபோனியும் நான்கு குதிரைத் தேரில் நேரே நம்மைப் பார்த்து வரும் ஓவியம். ஆர்ஃபியஸ் பாடி மன்றாடியது இந்த இருவரிடம்தான். அந்தக் கதையில் வருபவளுக்கு யூரிடிசி என்ற பெயர் இன்னும் வந்திராத காலத்தில், அப்பெயர் கொண்ட மக்கெதோனிய அரசி ஒருவர் அவர்கள் படத்தின் கீழ் புதைக்கப்பட்டிருக்கிறார். இப்படிப்பட்ட அரசிகளால் கனம்பெற்ற பெயர் என்பதால்தான் பின்னாளைய கவிஞர்கள் அதை ஆர்ஃபியஸின் மனைவிக்குக் கொடுத்தார்கள் என்று ஆய்வாளர்கள் சிலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் எனக்கு ஏற்புடையதே.

அடியா எடுத்துக்கொண்ட பெயர்

நண்பரின் கருத்து முழுவதுமாக முறியும் இடம் அடியா. பிலிப்பின் மகள் சைனேனுக்கும் பெர்டிக்காஸின் மகன் அமிந்தாஸுக்கும் பிறந்தவர் இவர். இல்லிரியப் பெண்ணான தம் தாயின் மரபுப்படி சைனேன் மகளுக்குப் போர்ப்பயிற்சி கொடுத்தார். அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்த பிறகு, அவருடைய மனவளர்ச்சி குன்றிய அண்ணன் அர்ரிடேயஸ் மூன்றாம் பிலிப் என்ற பெயரில் அரசராக்கப்பட்டார். அவருக்கு மகளை மணமுடிக்கப் படையோடு ஆசியாவுக்குப் புறப்பட்ட சைனேனைத் தளபதிகள் வழியில் கொன்றார்கள். பிலிப்பின் மகளைக் கொன்றதைப் பொறுக்காத மக்கெதோனிய வீரர்கள் கலகம் செய்து, மணம் நடந்தே ஆக வேண்டும் என்றார்கள். நடந்தது. அடியா அன்றிலிருந்து யூரிடிசி ஆனார். தாய்வழியில் இவர் சிர்ராஸின் மகளுக்குக் கொள்ளுப்பேத்தி, தந்தைவழியிலும் கொள்ளுப்பேத்தி. இந்தப் பெயரை யாரும் சோம்பலில் ஒட்டவில்லை. அரசுரிமையைச் சொல்வதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட பெயர் அது.

பெயருக்கேற்ப நடக்கவும் செய்தார். இருபது வயதும் நிரம்பாத நிலையில் திரிபரதிசோஸ் பாசறையில் வீரர்களிடையே பேசி, கிழட்டுத் தளபதி ஆண்டிபேட்டரையே உயிருக்கு அஞ்ச வைத்தார். கி.மு. 317இல் அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸ் பேரனுக்காகப் படை திரட்டி வந்தபோது எதிர்கொண்டவர் இவர்தான். பெண்கள் இருவர் எதிரெதிர் நின்று நடத்திய முதல் போர் இது என்று சாமோஸ் நகரத்து டூரிஸ் எழுதினார். ஒலிம்பியாஸ் டயோனிசஸின் அடியவரைப் போல் பறையொலியோடு வந்தார்; யூரிடிசி மக்கெதோனியக் காலாள் வீரனின் முழுக் கவசத்தில் வந்தார். போர் நடக்கவே இல்லை. அலெக்சாண்டரின் தாயைக் கண்டதும் யூரிடிசியின் வீரர்கள் அணி மாறிவிட்டார்கள்.

அதன் பின் நடந்ததை டியோடோரஸ் விவரிக்கிறார். கணவனையும் மனைவியையும் ஒரு குறுகிய இடத்தில் சுவரெழுப்பி அடைத்து, சிறு துளை வழியாக உணவு கொடுத்தார்கள். அர்ரிடேயஸைத் திரேசியர்கள் குத்திக் கொன்றார்கள். யூரிடிசிக்கு ஒலிம்பியாஸ் ஒரு வாளும் ஒரு சுருக்குக் கயிறும் ஹெம்லாக் நஞ்சும் அனுப்பி, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். யூரிடிசி கணவனின் காயங்களைத் தம்மால் இயன்றவரை கழுவி மூடினார். இதே பரிசுகள் ஒலிம்பியாஸுக்கும் கிடைக்கட்டும் என்று வேண்டினார். அனுப்பப்பட்ட மூன்றையும் தொடாமல் தம் இடைக்கச்சையால் சுருக்கிட்டுக்கொண்டார். மறு ஆண்டே ஒலிம்பியாஸ் கொல்லப்பட்டார். ஆண்டிபேட்டரின் மகன் கசாண்டர், அர்ரிடேயஸையும் யூரிடிசியையும் சைனேனையும் ஏகையில் அரச மரியாதையோடு அடக்கம் செய்தார்.

அந்த ஏகையில், 1977இல் மனோலிஸ் ஆண்ட்ரோனிகோஸ் திறந்த இரண்டாம் கல்லறையின் முன்னறையில் ஒரு பெண்ணின் எலும்புகள், பொன்னிழை கலந்த செந்நீலத் துணியில் சுற்றி, பொற்பேழைக்குள் இருந்தன. உள்ளறையில் ஓர் ஆணின் எலும்புகள். ஆண் இரண்டாம் பிலிப் என்றால் பெண் அவருடைய மனைவியரில் ஒருவர். அர்ரிடேயஸ் என்றால் பெண் அடியா யூரிடிசி. வெர்ஜினா அருங்காட்சியகம் பிலிப் என்கிறது; மறுப்போர் இன்னும் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் இந்த வாதம் பெரும்பாலும் ஆணின் எலும்புகளைச் சுற்றியே நடந்தது. அவர் யார் என்று முடிவானால்தான் இவருக்குப் பெயர் கிடைக்கும் என்ற நிலை, பெயரடைவின் அதே பழைய முறை. முன்னறையில் பெண்ணின் அருகே பொன் அம்பறாத்தூணி உறையும், ஒன்று மற்றதைவிடக் குட்டையான ஒரு சோடிக் கணுக்கால் கவசங்களும் இருந்தன. அவையும் நெடுநாள் ஆணுக்குரியவையாகவே சொல்லப்பட்டன.

கவசம் அணிந்து களத்துக்கு வந்த அடியாவின் பக்கத்தில் அந்தக் கவசங்களை வைத்துப் பார்க்க எனக்கு ஆசை உண்டு. ஆனால் 2015இல் வெளியான எலும்பாய்வு, அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது கடந்திருந்தது என்கிறது. இடது கால் எலும்பில் முறிவு ஏற்பட்டு, அதனால் அந்தக் கால் சற்றுக் குறுகியிருந்தது என்றும் குட்டையான கவசம் அதற்கென்றே செய்யப்பட்டது என்றும் கூறுகிறது. அடியா இறக்கும்போது அவருக்கு இருபது வயதுதான் இருக்கும். முறிந்த காலோடு குதிரையேறிப் போர் பழகிய வேறொரு பெண் அவர் என்றால், யூரிடிசி என்ற பெயர்மேல் எனக்கிருக்கும் பிரியத்துக்காக அவருடைய காயத்தையும் கவசத்தையும் எடுத்து அடியாவுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.